ஊத் சாட்டின் மூடா, அரேபியன்ஸ் டோன்காவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோஜாவும் ஊதும் கலந்த கனமான இனிப்பு வாசனைகளில் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் நிறைய. ஒன்று மெசோன் பிரான்சிஸ் குர்க்ஜியன் நிறுவனத்தின் ஊத் சாட்டின் மூட். மற்றது மொந்தால் நிறுவனத்தின் அரேபியன்ஸ் டோன்கா. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். கீழே சுருக்கமாக 'சாட்டின்', 'டோன்கா' என்றே சொல்கிறோம்.

ஊத் ஊத்னு சொல்றாங்களே, அது நம்ம அகில் கட்டைதானா?

அதேதான். பழந்தமிழ்ப் பாட்டுகளில் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டினார்களே, அந்த அகிலுக்கு அரபியில் பெயர் ஊத். அக்குலேரியா இன மரத்தில் காயம்பட்டு, பூஞ்சை புகுந்தால் மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருநிறப் பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின் ஊறிய கட்டைதான் விலைபோகும் அகில். நோயில்லாத மரம் வெளுத்து, எடை இல்லாமல், வாசமும் இல்லாமல் இருக்கும். அசாம், லாவோஸ், கம்போடியா, இந்தோனேசியா என்று ஊருக்கு ஊர் வாசம் மாறும்.

கட்டையைக் கனலில் போட்டால் வரும் மணம் வேறு, வடித்தெடுத்த எண்ணெயின் மணம் வேறு. சூட்டில் சிதைந்தால் மட்டுமே மணக்கும் சில பொருள்கள் பிசினில் உண்டு. அதனால் வீட்டில் பகூர் (கனலில் போடும் அரபு வாசனைக் கட்டை) புகைத்துப் பழகியவர்கள் ஊத் பெர்ஃப்யூமை முகர்ந்து "இது ஊதே இல்லையே" என்று சொல்வது சகஜம்.

இந்த ரெண்டையும் செஞ்சது யாரு? அரபு கம்பெனியா?

இரண்டும் பாரிஸ் நிறுவனங்கள். பிரான்சிஸ் குர்க்ஜியன் 1995-ல் ழான் போல் கோத்தியே என்ற ஆடை வடிவமைப்பாளருக்கு 'லெ மால்' என்ற பெர்ஃப்யூமைச் செய்தவர். தன் பெயரிலேயே 2009-ல் நிறுவனம் தொடங்கினார். 2013-ல் அவருடைய ஊத் மூட் வரிசையில் கேஷ்மியர், சில்க், வெல்வெட் என மூன்று வந்தன. சாட்டின் 2015-ல் சேர்ந்தது. மொந்தால் 2003-ல் தொடங்கியது. ரோஜாவையும் ஊதையும் சேர்த்து அது 2006-ல் விட்ட 'பிளாக் ஊத்' தான் இன்றைய ஊத் பெர்ஃப்யூம் கூட்டத்துக்குப் பாதை போட்டவற்றில் ஒன்று. டோன்கா 2019-ல் வந்தது.

ஆனால் சேர்மானம் அரபு நாடுகளின் பழக்கம். சவூதியின் தாயிப் ஊர் ரோஜா எண்ணெயையும் ஊத் எண்ணெயையும் சேர்த்துப் பூசுவது வளைகுடாவில் காலங்காலமாக உண்டு. ஐரோப்பியக் கடைகளில் ஊத் பரவலாகப் பேசப்பட ஆரம்பித்ததே 2002-ல் இவ் சாங் லோரான் நிறுவனத்தின் 'எம்7' பெர்ஃப்யூம் வந்த பிறகுதான்.

ரெண்டுமே ஒரே மாதிரிதான் தெரியுது. வித்தியாசம் எங்க இருக்கு?

ரோஜாவிலும் ஊதிலும் தேடினால் கிடைக்காது. இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

சாட்டினில் இனிப்பைத் தருவது வயலெட் பூ, வனிலா, சாம்பிராணி. நிறுவனம் சொல்லும் சேர்மானம்: பல்கேரிய ரோஜா எண்ணெய், துருக்கி ரோஜா அப்சொல்யூட் (கரைப்பானில் இழுத்த சாறு), லாவோஸ் ஊத், சியாம் பென்சாயின். பென்சாயின் வேறு எதுவுமில்லை, சாம்பிராணிப் பிசின்தான். வயலெட் சேரும்போது முகப்பவுடர், லிப்ஸ்டிக் மாதிரியான ஒரு மென்தூள் வாசம் வரும். குல்கந்து டப்பாவைத் திறந்து அதன் மேல் பவுடரைத் தூவி, பக்கத்து அறையில் சாம்பிராணி போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊத் பின்னால் ஒரு நிழலாக நிற்கும்.

டோன்காவில் இனிப்பு, பாகு. குங்குமப்பூவும் பெர்கமட் என்ற எலுமிச்சை வகையும் முதலில் வரும். ரோஜாவும் ஊதும் நடுவில். அடியில் டோன்கா கொட்டை, கரும்புச் சர்க்கரை, ஆம்பர், மஸ்க். வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கு வெளியே நின்றால் மூக்கில் ஏறுமே, ஓரத்தில் லேசாகத் தீய்ந்த அந்த இனிப்பு, அது இதில் உண்டு. குங்குமப்பூ வாசம் பெர்ஃப்யூமில் பாலில் போட்டதுபோல் மெத்தென்று இருக்காது. பதனிட்ட தோல் மாதிரி ஒரு கடுமை வரும். அதுதான் பாகைத் திகட்டாமல் பிடித்து நிறுத்துகிறது.

சுருக்கமாக: சாட்டின் பவுடர் இனிப்பு, டோன்கா பாகு இனிப்பு. உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டோன்கான்னா என்ன? காபி கொட்டை மாதிரியா?

தென் அமெரிக்காவின் டிப்டெரிக்ஸ் ஓடொராட்டா மரத்தின் விதை. கறுத்துச் சுருங்கி, பேரீச்சங்கொட்டையைவிட நீளமாக இருக்கும். அதன் வாசத்துக்குக் காரணம் கூமரின். வைக்கோல், பாதாம், வனிலா மூன்றும் கலந்தாற்போல் மணக்கும். இதை 1868-ல் வில்லியம் பெர்கின் ஆய்வகத்திலேயே செய்துவிட்டார். பெர்ஃப்யூம் தொழிலின் பழைய செயற்கை மணங்களில் இதுவும் ஒன்று.

நிஜ ஊத் எண்ணெய் இதுல இருக்கா, இல்ல எல்லாம் கெமிக்கலா?

சாட்டினில் லாவோஸ் ஊத் இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. எவ்வளவு என்று எந்த நிறுவனமும் சொல்லாது. இந்த அளவில் விற்பனையாகும் பெர்ஃப்யூம்களில் ஊத் வாசத்தின் பெரும்பகுதி செயற்கைக் கலவையிலிருந்துதான் வருகிறது. நல்ல ஊத் எண்ணெய் மிக விலை கூடியது. தவிர, அக்குலேரியா மரங்கள் அருகிவருவதால் அந்த இனம் முழுவதும் 2005 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி விற்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

'கெமிக்கல்' என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இயற்கை ஊத் எண்ணெயில் மாட்டுத்தொழுவ வாசம், புளித்த வாசம் வருவதும் உண்டு. அதை விரும்பிப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள் அல்லர். மொந்தாலின் பழைய ஊத் பெர்ஃப்யூம்களில் வரும் பேண்டேஜ், டிஞ்சர் மாதிரியான மருந்து வாசம் டோன்காவில் முதல் பத்து நிமிடம் எட்டிப் பார்க்கும். பிறகு சர்க்கரை அதை மூடிவிடும்.

பல்கேரிய ரோஜா, துருக்கி ரோஜான்னு பிரிச்சுப் போடுறாங்களே, நிஜமாவே வேற வேறயா?

செடி ஒன்றுதான், டமாஸ்க் ரோஜா. பல்கேரியாவில் கசன்லக் பள்ளத்தாக்கு, துருக்கியில் இஸ்பார்த்தா. வித்தியாசம் பெரும்பாலும் எடுக்கும் முறையில். நீராவியில் வடித்தால் எண்ணெய், கரைப்பானில் இழுத்தால் அப்சொல்யூட். பூவில் நிறைய இருக்கும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற மணப்பொருள் தண்ணீரில் கரையும். அதனால் வடிக்கும்போது பெரும்பாலும் பன்னீரோடு போய்விடும், அப்சொல்யூட்டில் தங்கிவிடும். எண்ணெய் எலுமிச்சை சாயலோடு கூர்மையாகவும், அப்சொல்யூட் தேன்போல் கனமாகவும் இருப்பது இதனால்தான். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று முதல் ஐந்து டன் பூ வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும்.

கடையில பேப்பர்ல அடிச்சுக் காட்டினாங்க. சூப்பரா இருந்துச்சு. வாங்கிடலாமா?

வேண்டாம். பேப்பர் சொல்வது முதல் பத்து நிமிடத்தின் கதை. இந்த இரண்டும் அடித்தளம் கனமானவை. நீங்கள் நாள் முழுக்கச் சுமக்கப்போவது மூன்றாவது மணிநேரத்துக்கு மேல் வரும் வாசத்தை. கடையில் மயக்குவது வேறு, மாலையில் சட்டையில் மிஞ்சுவது வேறு.

அப்போ சரியா டெஸ்ட் பண்றது எப்படி? ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க.

இரண்டிலும் 2 மி.லி. சாம்பிள் வாங்குங்கள். ஒரு அழுத்தலுக்குச் சுமார் 0.1 மி.லி. என்று வைத்தால் ஏறக்குறைய 20 ஸ்ப்ரே வரும். தேவைக்கு மேலேயே இருக்கும். முதல் நாள் குளித்துவிட்டு, பவுடர், பாடி ஸ்ப்ரே, மணமுள்ள எண்ணெய் எதுவும் இல்லாமல், இடது முழங்கை மடிப்பில் ஒன்று, வலது முழங்கை மடிப்பில் மற்றது. தலா ஒரே ஸ்ப்ரே, அரை அடி தள்ளி. மணிக்கட்டில் வேண்டாம். கை கழுவும்போது போய்விடும், சாப்பாட்டு வாசமும் கலக்கும். எந்தக் கையில் எது என்று எழுதி வையுங்கள். இரண்டு மணிநேரத்தில் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

15 நிமிடம், 1 மணி, 3 மணி, 6 மணி ஆகும்போது முகர்ந்து ஒவ்வொரு சொல் குறித்துக்கொள்ளுங்கள்: பவுடர், பாகு, மருந்து, தோல், எதுவானாலும். நல்லது, கெட்டது என்று எழுதினால் பிறகு உதவாது. மூக்கைத் தோலில் ஒட்டி இழுக்க வேண்டாம். இரண்டு அங்குலம் தள்ளி, சின்னச் சின்ன மூச்சாக.

அடுத்த நாள்களில் ஒன்றை மட்டும் முழு நாள் போடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு முறை: ஒரு முறை வெளியில் அலையும் நாளில், ஒரு முறை ஏசிக்குள் உட்காரும் நாளில். ராத்திரி கழற்றிய சட்டையை மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். அந்தக் காலை வாசம் பிடிக்கவில்லை என்றால், பாட்டில் பாதியில் நின்றுவிடும்.

நடுவுல காபிக் கொட்டையை மோந்து பார்த்தா மூக்கு ரீசெட் ஆகுமாமே?

ஆகாது. காபி இன்னொரு கனமான வாசனை, அவ்வளவுதான். கடைக்கு வெளியே இரண்டு நிமிடம் நின்றால் போதும். இல்லாவிட்டால் எதுவும் அடிக்காத உங்கள் சொந்தத் தோலை முகருங்கள். ஒரே நாளில் நாலு வாசனைக்கு மேல் போகாமல் இருப்பது இதைவிட முக்கியம்.

சாட்டின் போட்டா எனக்கு வாசம் வருது, போகுது, திரும்ப வருது. பாட்டில்ல ஏதாவது பிரச்சினையா?

பாட்டில் சரியாகத்தான் இருக்கிறது. வயலெட் மணத்தைத் தருபவை அயனோன்கள் என்ற மணப்பொருள்கள். ஜெர்மனியில் டீமன், க்ரூகர் என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1893-ல் செய்து காட்டியவை. அயனோன் மூக்கின் உணர்வைச் சிறிது நேரம் மழுங்கடித்துவிடும். அது தெளிந்ததும் வாசம் புதிதாக வந்ததுபோல் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு விட்டுவிட்டு வராது.

இன்னொன்றும் உண்டு. அயனோன்களில் ஒரு வகையான பீட்டா அயனோனைச் சிலரால் பிறவியிலேயே சரியாக முகர முடியாது. மரபணு வேறுபாடு அது. அவர்களுக்குச் சாட்டின் வெறும் ரோஜா வனிலாவாகவோ, புளிப்பாகவோ தெரியும். நண்பர் "பவுடர் வாசம் அற்புதம்" என்று சொல்லி உங்களுக்கு அது தென்படவே இல்லை என்றால் சண்டை போடாதீர்கள். உங்கள் மூக்குக்கு டோன்காவே பொருத்தமாக இருக்கலாம்.

ரெண்டுல எது ரொம்ப நேரம் நிக்கும்? எத்தனை ஸ்ப்ரே அடிக்கணும்?

நிற்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. தோலில் எட்டு மணிநேரத்தைத் தாண்டும், துணியில் மறுநாளும் இருக்கும். பரவுவதில்தான் மாற்றம். டோன்கா முதல் இரண்டு மணிநேரம் அறையை நிரப்பும். சாட்டின் அவ்வளவு முரட்டுத்தனம் இல்லாமல், கையெட்டும் தூரத்தில் நீண்ட நேரம் இருக்கும்.

சாட்டின் இரண்டு அல்லது மூன்று ஸ்ப்ரே. டோன்கா ஒன்று அல்லது இரண்டு. போட்ட அரை மணியில் உங்களுக்கே தெரியவில்லை என்று மேலே மேலே அடிக்காதீர்கள். உங்கள் மூக்கு பழகிவிட்டது, லிஃப்டில் கூட வருகிறவரின் மூக்கு பழகவில்லை. சந்தேகம் இருந்தால் வீட்டில் வேறு அறையில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வறண்ட தோலில் சீக்கிரம் போகிறது என்றால் வாசனை இல்லாத லோஷனை முதலில் தடவி, அதன் மேல் அடியுங்கள்.

சென்னை வெயில்ல இதெல்லாம் போட முடியுமா?

முடியும், அளவு தெரிந்தால். சூட்டில் எல்லாம் வேகமாக ஆவியாகும், ஒரே நேரத்தில் நிறைய வாசம் கிளம்பும்.  டோன்காவின் பாகு மே மாத மதியத்தில் பேருந்துக்குள் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி. சாட்டினும் கனம்தான், ஆனால் பவுடர் குணம் இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

வெயில் காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரே ஸ்ப்ரே, சட்டைக்கு உள்ளே, நெஞ்சில். கழுத்தில் வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் மேலே சொன்ன முழு அளவு. ஊட்டி, பெங்களூரு, துபாயின் ஜனவரி எல்லாம் டோன்காவுக்கு நல்ல இடம். வளைகுடாக்காரர்கள் கோடையிலும் இப்படிப்பட்டதைப் போடுகிறார்களே என்று கேட்பார்கள். அவர்கள் பெரும்பாலும் வீடு, கார், கடை என ஏசியிலிருந்து ஏசிக்குப் போகிறவர்கள்.

ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போகலாமா?

சாட்டின், ஒரு ஸ்ப்ரே, சட்டைக்குள். டோன்காவை ஆபீஸுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். மூடிய அறையில் மீட்டிங் இருக்கும் நாளில் இரண்டுமே வேண்டாம்.

ரோஜான்னா லேடீஸ் சென்ட் தானே? ஆம்பள போட்டா ஒரு மாதிரி இருக்காதா?

ரோஜா பெண்களுக்கு என்பது ஐரோப்பியக் கடைகள் பழக்கிய பிரிவினை. வளைகுடாவில் ஆண்கள் ரோஜாவும் ஊதும் பூசித்தான் கல்யாணத்துக்குப் போகிறார்கள். நம் ஊர் மாப்பிள்ளைக்கும் ரோஜா மாலைதான் போடுகிறோம், வரவேற்பில் பன்னீர் தெளிக்கிறோம். இரண்டும் பொதுப் பெர்ஃப்யூமாகவே விற்கப்படுகின்றன.

ஆனாலும் கூச்சம் இருந்தால் டோன்காவில் குங்குமப்பூவின் தோல் வாசம் கைகொடுக்கும். சாட்டினின் லிப்ஸ்டிக் சாயல் சில ஆண்களுக்கு நெருடும். அதில் தப்பில்லை, வேறு எடுத்துக்கொள்ளலாம்.

பட்டுப்புடவை, வெள்ளைச் சட்டை மேல அடிச்சா கறை ஆகுமா?

ஆகும். வனிலா, பிசின் அதிகம் உள்ள பெர்ஃப்யூம்களுக்கு நிறம் உண்டு. வெள்ளைச் சட்டையில் கிட்டே வைத்து அடித்தால் மஞ்சள் வட்டம் விழும். காயும்போது தெரியாது, இஸ்திரி போடும்போது தெரியும். பட்டில் ஆல்கஹால் பட்டால் சாயம் இளகலாம், ஜரிகையின் பளபளப்பு மங்கலாம். புடவை கட்டுவதற்கு முன்பே தோலில் அடித்து, ஐந்து நிமிடம் காயவிட்டு, பிறகு கட்டுங்கள். முத்து, கவரிங் நகைகளும் அதன் பிறகுதான்.

தலையில் மல்லிகைப்பூ வைக்கிற நாளில் அதற்கும் இடம் விடுங்கள். மல்லிகையோடு சாட்டின் ஒத்துப்போகும். டோன்காவோடு சேர்ந்தால் மிட்டாய்க் கடை மாதிரி ஆகிவிடும்.

சாட்டின்ல ஓ டி பர்ஃப்யூம்னு ஒண்ணு, எக்ஸ்ட்ரேன்னு ஒண்ணு இருக்கே. எதை எடுக்கிறது?

எக்ஸ்ட்ரே என்பது ஓ டி பர்ஃப்யூமைவிடச் செறிவு கூடிய வகை. ஆனால் அதை அதே வாசனையின் 'ஸ்ட்ராங்' வடிவம் என்று நினைத்து வாங்காதீர்கள். செறிவு கூடும்போது கலவையின் விகிதமும் மாறும். எக்ஸ்ட்ரே பொதுவாகத் தோலோடு ஒட்டி, அடர்த்தியாக இருக்கும். பரவல் குறையலாம். இந்தப் பக்கத்தில் சொன்னது எல்லாம் ஓ டி பர்ஃப்யூமைப் பற்றி. எக்ஸ்ட்ரே வேண்டுமென்றால் அதற்கும் தனியாக சாம்பிள் வாங்கி, முன்பு சொன்ன முழங்கைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பெட்டியில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் காசு கொடுத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

சாட்டின் விலை இவ்வளவு ஜாஸ்தியா இருக்கே. அந்த அளவுக்கு வொர்த்தா?

பாட்டில் விலையை ஒப்பிடாமல் மி.லி. விலையை ஒப்பிடுங்கள். சாட்டின் வழக்கமாக 70 மி.லி., டோன்கா 100 மி.லி. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் மி.லி. கணக்கில் சாட்டின் டோன்காவின் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஒரு நாளைக்கு மூன்று ஸ்ப்ரே என்றால் 70 மி.லி. சுமார் 230 நாள் வரும். டோன்காவை நாளுக்கு இரண்டு என்று போட்டால் 500 நாள். வாரம் ஒரு நாள் விசேஷத்துக்கு மட்டும் போடுகிறவருக்கு எந்தப் பாட்டிலும் வருஷக்கணக்கில் தீராது.

எங்கள் கருத்து: நேர்த்தியில் சாட்டின் ஒரு படி மேல். ரோஜாவிலிருந்து வயலெட், வயலெட்டிலிருந்து சாம்பிராணி என்று அது நழுவிப்போவது தெரியாமல் நழுவும். டோன்கா முதலில் ஒரு கத்தல், பிறகு ஒரே சீராக இனிப்பு. அந்த ஒரு படிக்கு இரண்டு மடங்கு கொடுக்க மனசு வரவில்லை என்றால் டோன்கா வாங்கியதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

துபாய்ல ஐந்நூறு ரூபாய்க்கு அதே வாசம் கிடைக்குதே?

முதல் அரை மணிக்குக் கிடைக்கும். நகல் செய்கிறவர்கள் எல்லோரும் உழைப்பது அந்த அரை மணிக்குத்தான், வாங்குகிறவர் கடையில் முகர்வது அதைத்தானே. மூன்றாவது மணியில் பாருங்கள். சாட்டினின் நகல்களில் வயலெட் ஒரு பக்கம், வனிலா ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும், ரோஜா சோப்பு மாதிரி ஆகும். டோன்காவின் நகல்கள் இதைவிடக் கிட்டே வரும். சர்க்கரையும் கூமரினும் மலிவான பொருள்கள்.

பணம் குறைவு என்றால் நகல் வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் நகலை முகர்ந்து அசலைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

ஆல்கஹால் இருக்கிறதால தொழுகைக்குப் போட யோசனையா இருக்கு. அத்தரா கிடைக்குமா?

இரண்டுமே ஆல்கஹாலில் கரைத்தவை. கூடுமா கூடாதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்பதுதான் முறை. திருவல்லிக்கேணி, மண்ணடி அத்தர் கடைகளில் இந்தப் பெயர்களைச் சொன்னால் 'அதே ஆயில்' என்று ஊற்றித் தருவார்கள். அது கடைக்காரரின் கலவை, மேலே நகல் பற்றிச் சொன்னது அதற்கும் பொருந்தும். தவிர்க்க நினைத்தால் பெயரை விட்டுவிட்டு, நல்ல ரோஜா அத்தர் ஒரு துளி, ஊத் அத்தர் அரைத் துளி என்று தனித்தனியாக வாங்கிச் சேர்த்துப் பூசுங்கள். சேர்மானத்தின் வேரே அதுதான்.

போலியா அசலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெட்டியின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அத்தோடு விடுங்கள். ஒன்றாக இருந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம், எண்ணையும் நகலெடுப்பார்கள். மொந்தால் பாட்டில் அலுமினியம். உள்ளே எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பாதி காலியான பழைய பாட்டில் வாங்கும்போது சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்து, அதே அளவுப் புது பாட்டிலின் எடையோடு ஒப்பிடுங்கள்.

உறுதியான சோதனை வாசம்தான். நம்பகமான இடத்தில் வாங்கிய சாம்பிளை ஒரு முழங்கையிலும், சந்தேகப் பாட்டிலை மறு முழங்கையிலும் அடித்து மூன்று மணிநேரம் பொறுங்கள்.

ஊருக்குக் கொண்டு வரணும். கையில எடுத்துட்டுப் போலாமா?

சர்வதேச விமானத்தில் கைப்பையில் 100 மி.லி. வரையுள்ள பாட்டில்கள், ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள். இரண்டுமே தேறும். கணக்கு பாட்டிலின் கொள்ளளவுக்குத்தான், மிச்சம் இருக்கும் திரவத்துக்கு இல்லை. செக்-இன் பெட்டியில் போட்டால் ஒரு பாட்டில் 500 மி.லி.க்கு மிகாமல், ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர் வரை. துணிகளுக்கு நடுவே, ஜிப் கவரில் போட்டு வையுங்கள். கூரியரில் அனுப்ப நினைத்தால், தீப்பற்றும் திரவம் என்று திருப்பிவிடுவார்கள்.

வாங்கினப்ப வெளிர் நிறமா இருந்துச்சு, இப்ப பிரவுன் ஆயிடுச்சு. கெட்டுப்போச்சா?

நிறம் மாறினால் மட்டும் கெட்டதாகாது. வனிலாவின் வனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகும். ஸ்ப்ரே செய்த முதல் ஒரு நிமிடத்தில் மட்டும் லேசான புளிப்பு வந்து மறைந்தால் பரவாயில்லை. அரை மணி கழித்தும் ரோஜா புளித்துக்கொண்டே இருந்தால் போய்விட்டது. குளியலறை அலமாரியும் கார் டேஷ்போர்டும்தான் பெர்ஃப்யூமுக்கு எமன். பீரோவுக்குள், பெட்டியோடு வையுங்கள்.

ரெண்டையும் சேர்த்துப் போட்டா எப்படி இருக்கும்?

இரண்டு இனிப்பும் ஒன்றை ஒன்று அடித்து, கடைசியில் வெறும் சர்க்கரைதான் மிஞ்சும். வயலெட் காணாமல் போகும். சேர்க்க வேண்டுமென்றால் இனிப்பில்லாத ஒன்றைச் சேருங்கள்: சாட்டினுக்கு அடியில் ஒரு துளி சந்தன அத்தர், டோன்காவுக்கு அடியில் ஒரு துளி வெட்டிவேர் அத்தர். வெட்டிவேரின் மண் வாசம் பாகை அடக்கும். அல்லது துணியைப் பகூர் புகையில் காட்டிவிட்டு, தோலில் சாட்டின் ஒரு ஸ்ப்ரே.

போட்டா கழுத்துல அரிக்குது. எது காரணம்?

ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்ற மணப்பொருள்கள் இரண்டும் ரோஜாவில் உண்டு. டோன்காவில் கூமரின், சாட்டினில் பென்சாயின். எல்லாமே சிலருக்கு ஒவ்வாமை தருபவை. அரிப்பு வந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தப் பெர்ஃப்யூமைத் தோலில் போடுவதை நிறுத்துங்கள். தடிப்பு இறங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் பாட்டில் பெட்டியையும் எடுத்துப் போங்கள், பொருள் பட்டியல் அதில் இருக்கும். கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர் இருக்கும் அறையில் இரண்டையுமே தவிர்க்கவும்.

அக்காவுக்குக் கிஃப்ட் பண்ணணும். மோந்து பார்க்கச் சொல்ல முடியாது, சர்ப்ரைஸ். எதை வாங்க?

அக்கா ஏற்கெனவே என்ன போடுகிறார் என்று பாருங்கள். பவுடர் பூச்சு, ரோஜா சோப்பு, சாம்பிராணிப் புகை பிடிக்கும் என்றால் சாட்டின். கேரமல், வனிலா, சாக்லேட் வாசம் உள்ள பாடி மிஸ்ட் வைத்திருந்தால் டோன்கா. எலுமிச்சை, கடல் காற்று, 'ஃப்ரெஷ்' என்று எழுதிய பாட்டில்களாக இருந்தால் இரண்டும் வேண்டாம். காசு வீண்.

ரெண்டையும் டெஸ்ட் பண்ணிட்டேன். ரெண்டுமே பிடிக்கல. இப்ப என்ன பண்ண?

ஏன் பிடிக்கவில்லை என்று குறித்து வைத்த சொற்களைப் பாருங்கள். "இனிப்பு தாங்கல" என்றால் பிரெடெரிக் மால் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' முகருங்கள். ரோஜாவும் பச்சோலி என்ற மண்வாசனை இலையும், சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. "இனிப்பு சரி, பவுடரும் பாகும் வேண்டாம்" என்றால் டாம் ஃபோர்டின் 'நுவார் டி நுவார்', 2007-ல் வந்தது. ரோஜாவோடு கருஞ்சாக்லேட்டும் ஈரமண்ணும் கலந்த இருட்டு வாசம். "ஊத் இன்னும் வேணும்" என்றால் முன்பு சொன்ன பிளாக் ஊத். மருந்து வாசத்துக்குத் தயாராகப் போங்கள். மூன்றுக்கும் 2 மி.லி. சாம்பிள்தான் முதலில்.